நூற்று அறுபத்தெட்டில் ஒரு தெறி

சத்தியபாமாவுக்குப் பாம்புச் செவி. பேராதனையில் ஆங்கிலம் கற்பிக்கும் நிலையமொன்றின் ஒலிப்பதிவுக் கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. பதினெட்டு வருடமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதையும் வாசிப்பதையும் நாடாவில் பதிவதுதான் வேலை. பாடம் வாசிக்கிற விரிவுரையாளர் எச்சில் விழுங்கினால்கூட நிறுத்திவிடுவாள். "சேர், இன்னொருக்கா வாசியுங்கோ, தொண்டை கேக்குது" என்பாள். அவளிடம் பதிவுக்குப் போவதும் பல் பிடுங்கப் போவதும் ஒன்றுதான் என்று அவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

பிறந்தது யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தது எண்பதாம் ஆண்டு. கலியாணம் கூடிவரவில்லை. அம்பிட்டியவில் ஏக்கநாயக்க நோனா என்ற சிங்கள விதவையின் வீட்டோடு ஒட்டிய இரண்டறை அனெக்ஸில் தனியாக இருந்தாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது, அந்த வீட்டு விறகு அறையில் நான்கு நாள் நோனா அவளை ஒளித்து வைத்திருந்தார். அதைப் பற்றி இருவரும் பிறகு ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

சனி ஞாயிறுகளில் வீட்டிலேயே சின்னப் பதிவுகள் செய்து கொடுப்பாள். படுக்கையறைச் சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, உடுப்பு நிறைந்த அலுமாரியின் கதவுகளை அகலத் திறந்து வைத்தால் அறையின் எதிரொலி அடங்கிவிடும். ஒரு நல்ல மைக், ஒரு கசெற் டெக். அவ்வளவுதான் அவளுடைய ஸ்ரூடியோ.

அங்கே தொண்ணூற்றேழு மார்கழியில் வந்து சேர்ந்தவன்தான் ராஜலிங்கம். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. முப்பது வயதிருக்கும். வாவிக் கரையோரம் ஒரு ஹோட்டலில் பின்னேரங்களில் வெள்ளைக்காரருக்குக் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு கசெற் செய்து கொண்டுவந்தால் முன் மேசையில் வைத்து விற்கலாமென்று ஹோட்டல் மனேஜர் சொல்லியிருந்தார். முதல் நாள் அவன் வாசித்து முடித்ததும் சத்தியபாமா ஹெட்போனைக் கழற்றினாள்.

"ராஜலிங்கம், கிற்றார் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைவிட நீங்கள்தான் கூடக் கேக்குது."

"நானா மிஸ்? நா வாயே தொறக்கலயே."

அவள் ஹெட்போனை அவன் காதில் வைத்து நாடாவைத் திருப்பிப் போட்டாள். அவன் முகம் கறுத்துப்போனது. மூக்கால் மூச்சு இழுக்கிற சத்தம், மேடு ஏறுகிற மாடு மாதிரி. இடக்கை விரல்கள் தடித்த கம்பிகளின்மேல் வழுக்கும்போதெல்லாம் கீச்சென்று ஓர் எலிச் சத்தம். தாளத்துக்குக் காலால் தரையில் அடி. கதிரையின் முனகல். சட்டைப் பொத்தான் கிற்றாரின் முதுகில் முட்டுகிற 'டொக்'.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் துரத்தினார்கள். மூக்குக்கு நேரே இருந்த மைக்கைக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் வைத்தாள். பொத்தானுக்காக அவன் பனியனோடு வாசித்தான். காலுக்குக் கீழே மடித்த துவாய். முனகாத ஒரு பலகை முக்காலியை நோனாவிடம் இரவல் வாங்கினாள். விரலை இழுக்காமல் தூக்கி வைக்கவும், வாயை இலேசாகத் திறந்து மூச்சை விடவும் பழக்கினாள். அவன் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று வந்து நிற்கும். மூச்சைக் கவனித்தால் கால் ஆடும். காலைக் கட்டினால் விரல் கீச்சிடும்.

அப்படியிருக்கத்தான் தை மாதம், புத்தரின் புனிதப் பல் இருக்கிற தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்தது.

அதற்குப் பிறகு கண்டித் தெருவில் தமிழ்ப் பெயரோடு நடப்பதே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் பேச வேண்டி வந்தால் சத்தியபாமா சிங்களத்தில் பேசினாள்; பேசாமலிருக்க முடிந்தால் பேசாமலிருந்தாள். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் பிறந்த இடம் என்று இருக்கிற அந்த ஒரு வரியைச் சோதனைக்காரர் வாசிக்கிற நேரம், அவள் அடுத்த கேள்விக்குரிய சிங்களப் பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள்.

குண்டு வெடித்து இரண்டாவது ஞாயிறு ராஜலிங்கம் வந்தான். ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரரும் இல்லை, இருந்தாலும் பதிவை விட மனமில்லை என்றான். முந்தி வாசித்த ஒரு மெட்டையே திரும்ப வாசித்தான். அன்று சட்டையைக் கழற்றவும், துவாயை விரிக்கவும், கதிரைக்குப் பதில் முக்காலியைப் போடவும் மறந்துவிட்டார்கள். பயத்தில் இருந்த இருவருக்கும் வேலையில் மனம் ஓடவில்லை. பதிவு சரிவரவில்லை.

"இதை வீட்டை கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கோ. எங்கெங்கை பிழையெண்டு எழுதித் தாறன். அடுத்த ஞாயிறு பாப்பம்" என்றாள் சத்தியபாமா.

டெக்கின் முகப்பில் மூன்று இலக்க எண் உருளுகிற ஒரு சின்னச் சாளரம் இருக்கும். நாடா எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதை அது காட்டும். அதைப் பார்த்துத்தான் அவள் எப்போதும் குறிப்பெழுதுவாள். ஒரு கோடு போட்ட கடதாசியில் அன்றும் எழுதினாள்:

018 மூச்சு
042 கதிரை
077 விரல்
113 அடி
131 அடி
168 தெறி
209 யாரோ?
246 வெட்டு

கிற்றார்ப் பெட்டியோடு பஸ் ஏறினால் மூன்று இடத்தில் இறக்கித் திறந்து காட்டச் சொல்கிறார்கள் என்று, ராஜலிங்கம் கிற்றாரை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டான். கசெற்றையும் கடதாசியையும் மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வேலைக்குப் புறப்படுகையில், படலையடியில் ஒரு பெண் நின்றாள். ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள். காலில் செருப்பில்லை.

"மிஸ்ங்களா? நா ராஜலிங்கத்தோட சம்சாரம். மாரியாயி."

அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் சத்தியபாமா என்னவென்று கேட்டாள்.

"நேத்து சாயந்தரம் கலஹா பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்குனாங்களாம் மிஸ். இவரு கார்டெல்லாம் சரியாத்தான் இருந்துச்சாம். வலது கையில மட்டும் ஏன் இப்பிடி நெகம் வளத்திருக்கேன்னு ஒருத்தன் கேட்டிருக்கான். கிற்றார் வாசிக்கத்தான்னு சொன்னத நம்பல. பெறகு சட்டப் பையில கைய விட்டு, ஞாயித்துக்கெழமையிலேர்ந்து அங்கயே கெடந்த கசெற்ற எடுத்திருக்காங்க. அதோட ஒரு கடதாசி."

சத்தியபாமா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அது ஆர் எழுதினதெண்டு கேட்டவையோ?"

"கேட்டாங்களாம். 'நாந்தான் எழுதுனேன்'னு சொல்லிட்டாரு. விடியக்காலையில நா பொலிசுக்குப் போனப்ப பேச விடல. ஜன்னல் வழியாத்தான் ஒரு வார்த்த சொன்னாரு. 'மிஸ் வீட்டுக்குப் போ. என்ன நடந்தாலும் இந்தப் பக்கம் வந்துடாதீங்கன்னு சொல்லு'ன்னாரு." மாரியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொல்லச் சொன்னதச் சொல்லிட்டேன் மிஸ்."

சொல்லிவிட்டாள், ஆனால் போகவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் கேட்காமல் நின்றது என்னவென்று சத்தியபாமாவுக்கு விளங்கியது. விளங்காதது மாதிரி, "நீங்கள் இப்ப வீட்டை போங்கோ. நான் யோசிச்சுச் செய்யிறன்" என்று சொல்லி அனுப்பினாள்.

தனியே இருந்தபோது அந்தக் கடதாசி வரி வரியாகக் கண்ணுக்குள் வந்தது. அவள் எழுதியபோது இருந்த மாதிரி இல்லை. அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தவன் வாசிக்கிற மாதிரி வந்தது. எண்கள். அடி. அடி. யாரோ. வெட்டு. இதை வேறெப்படி வாசிப்பார்கள்?

அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கற் தகரம். அதற்குள் இப்படிப்பட்ட குறிப்புகள் ஐந்தாறு வருடத்துக்கு உரியவை கிடந்தன. கோயில் பஜனைக்காரருக்கு எழுதியது, ஒரு வயலின் ஆசிரியைக்கு எழுதியது, ராஜலிங்கத்துக்கு முன்பு எழுதியது. எல்லாம் அவள் கையெழுத்து. எல்லாம் எண்ணும் சொல்லும். என்ன செய்கிறோம் என்று நினைக்கவே இல்லை. தகரத்தோடு அடுப்படிக்குப் போய் ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டாள். கடைசித் தாள் சுருண்டு கறுத்தபோதுதான் உறைத்தது: எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவேன் என்று காட்ட இருந்த ஒரே சாட்சியை, தன் கையாலேயே எரித்துவிட்டாள்.

புகை மணத்துக்கு நோனா வந்து எட்டிப் பார்த்தார். சத்தியபாமா நடந்ததைச் சொன்னாள்.

"பொலிஸுக்குப் போகாதே மகளே," என்றார் நோனா, சிங்களத்தில். "அவன் தோட்டத்துப் பையன். கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள். உன்னுடைய அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. உன்னை விடமாட்டார்கள். இன்றைக்கே கொழும்புக்குப் போய்விடு."

நோனா சொன்னது சரிதான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனவர்கள் வெளியே வர எத்தனை வருடம் ஆகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு பைக்குள் இரண்டு சேலையும் பல்தூரிகையும் வைத்தாள். கொழும்பு பஸ்ஸுக்கென்றுதான் வைத்தாள். படலையைத் திறந்து தெருவில் இறங்கும்வரைகூட அதே எண்ணந்தான். ஆனால் ராஜலிங்கத்தின் கையெழுத்து அவளுக்குத் தெரியும்; கோழி கிளறின மாதிரி இருக்கும். அவனை எழுதிக் காட்டச் சொன்ன அடுத்த நிமிடமே பொய் தெரிந்துவிடும். பிறகு, எழுதியது யார் என்று கேட்டு அவனை என்ன செய்வார்கள்? பஸ் நிலையம் வந்தது. அவள் கால்கள் அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும். அவளுடைய அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மீண்டும் திருப்பினார். அதை மேசை இலாச்சிக்குள் போட்டு மூடினார்.

"அந்தக் கடதாசியை எழுதியது நான்தான், சேர்" என்றாள் சிங்களத்தில். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது.

"தெரியும். அவனுடைய எழுத்து இல்லை என்று நேற்றே தெரியும்" என்றார் அவர். "பாயிஸ்!"

அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் ஆளான பாயிஸ் என்ற கொன்ஸ்தாபிள் வந்தான். தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான். கடதாசியின் சிங்கள மொழிபெயர்ப்பை அவனே எழுதியிருந்தான். வாசித்தான். மூச்சு. கதிரை. விரல். தாக்கு. தாக்கு. வெடி. யாரோ ஒருவர். வெட்டு.

"வெடியா?" சத்தியபாமா பதறித் தமிழுக்கு மாறிவிட்டாள். "வெடியெண்டு நான் எங்கை எழுதினனான்?"

"நூத்தி அறுவத்தெட்டுல தெறின்டு போட்டிருக்கீங்களே மிஸ்," என்றான் பாயிஸ். "தெறிக்கிறன்டா வெடிச்சுச் சிதர்றதுதானே?"

"ஐயோ, அது சட்டைத் தெறி! நீங்கள் பொத்தான் எண்டு சொல்லுறதை எங்கட பக்கத்தில தெறி எண்டுதான் சொல்லுறது."

பாயிஸின் முகம் வெளுத்தது. யாழ்ப்பாணத்துச் சொல்லை அவன் எங்கே கேட்டிருக்கப் போகிறான்? நேற்று எழுதிக் கொடுத்ததை இன்று பிழையென்று சொன்னால் தன்மேலும் சந்தேகம் விழும் என்ற பயம் அவன் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் சொன்னான். திக்கித் திக்கி, சேர், எனக்குப் பிழைத்துவிட்டது, இது பொத்தான் என்று சொன்னான்.

பொறுப்பதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேற்று வெடி. இவள் வந்ததும் பொத்தான். சரி, பொத்தான் என்றே வைத்துக்கொள்வோம். பொத்தானை அமுக்கினால்தானே வெடிக்கும்?"

சத்தியபாமா விடவில்லை. நின்றபடியே, கிற்றார் பதிவில் வாசிக்கிறவனின் சத்தங்கள் எப்படி வந்து விழும், அவற்றை எப்படிக் குறித்து வைப்பார்கள் என்று தெரிந்த சிங்களத்திலெல்லாம் சொன்னாள். கசெற்றைப் போட்டால் அந்தந்த எண்ணில் அந்தந்தச் சத்தம் கேட்கும், நானே காட்டுகிறேன் என்றாள். நிலையத்தில் ஒரு பெரிய ரேடியோ கசெற் இருந்தது. அதிலும் எண் உருளுகிற சாளரம் இருந்தது. அவள் நாடாவைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், எண்ணைப் பூச்சியத்தில் வைத்து ஓடவிட்டாள்.

பதினெட்டு வந்தது. கிற்றார் மட்டுந்தான் கேட்டது. நாற்பத்திரண்டு வந்தது. கதிரைச் சத்தம் இல்லை. எழுபத்தேழு. ஒன்றுமே இல்லை. தட்டச்சு இயந்திரமும் வோக்கிடோக்கியும் அலறுகிற அந்த அறையில், அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் மூச்சு எங்கே கேட்கும்? எங்கோ ஓரிடத்தில் கீச்சென்று கேட்டது. எண்ணைப் பார்த்தாள்: தொண்ணூற்றொன்று.

அப்போதுதான் மூளையில் உறைத்தது. அந்த எண் மணிக்கூடு அல்ல. மெஷினுக்கு மெஷின் வேறு வேகத்தில் உருளும். தன்னுடைய டெக்கில் எழுபத்தேழு, இங்கே தொண்ணூற்றொன்று. பதினெட்டு வருடம் இதே வேலை செய்தவளுக்கு இது தெரியாமலா? பயத்தில் மறந்துபோய்விட்டாள்.

அதை விளக்கியபோது, அவளுக்கே அது பொய் மாதிரித்தான் ஒலித்தது.

"அப்படியானால்," என்றார் பொறுப்பதிகாரி மெதுவாக, "இந்தச் சங்கேதம் உன்னுடைய மெஷினில் மட்டும்தான் விளங்கும்?"

ஜீப்பின் பின் ஆசனத்தில் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவே அவளை இருத்தினார்கள். அம்பிட்டிய வீதியில் கடைகளின் முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தினமும் பாண் வாங்குகிற கடைக்காரர் அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். வழி நெடுக அவள் மனதில் ஒரே கேள்வி: அன்று எண்ணைப் பூச்சியத்தில் வைத்தது, நாடாவின் தொடக்கத்தில் பதிவு ஏறாத நிறமில்லாத முன்துண்டு முடிந்த பிறகா, முன்பா? பிறகுதான். எப்போதும் பிறகுதான். ஆனால் அன்று? அன்று மனம் வேறெங்கோ இருந்ததே.

நோனா வாசலில் நின்றார். ஜீப்பைக் கண்டும் உள்ளே போகவில்லை.

வீட்டைப் புரட்டினார்கள். சுவரில் தொங்கிய போர்வைகளை இழுத்து விழுத்தினார்கள். சமையலறைக்குப் போனவன் ஒருவன் கரண்டியில் கடதாசிச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தான்.

"எதை எரித்தாய்?" என்றார் பொறுப்பதிகாரி.

உண்மையைச் சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. "இதே மாதிரிக் குறிப்புகள், சேர். பயத்தில் எரித்துவிட்டேன்."

"ஒன்றும் செய்யாதவளுக்கு என்ன பயம்?"

"ஒன்றும் செய்யாவிட்டாலும் எங்களுக்குப் பயம்தான், சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெக்குக்கு முன்னால் இருந்த முக்காலியில் போய் உட்கார்ந்து, ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டார்.

அவள் கசெற்றை டெக்கில் போட்டு நாடாவைத் தொடக்கத்துக்குத் திருப்பினாள். இரண்டு தரம் பிழையான பட்டனை அழுத்தினாள். முன்துண்டு முடிகிற இடத்தில் எண்ணைப் பூச்சியமாக்கி ஓடவிட்டாள். அவருக்கு என்ன கேட்கிறது என்று அவளுக்குக் கேட்காது. எண்ணையும் அவர் முகத்தையும் மட்டுமே பார்க்க முடியும். பதினாறு. பதினேழு. பதினெட்டு.

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"மீண்டும் போடு" என்றார்.

மீண்டும் போட்டாள். இந்தத் தடவை பதினெட்டில் அவர் தலை இலேசாக அசைந்தது. கடதாசியை எடுத்து மடியில் வைத்தார். நாற்பத்திரண்டில் பேனையால் ஒரு புள்ளி வைத்தார். எழுபத்தேழில் ஒன்று. நூற்றுப் பதின்மூன்றில் தன் சப்பாத்துக் காலால் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்துப் புள்ளி வைத்தார். நூற்று அறுபத்தெட்டு வந்ததும் நிறுத்தச் சொன்னார். தன் சீருடைச் சட்டையின் பொத்தானைப் பிடித்து, டெக்கின் மரப்பெட்டியில் தட்டினார். டொக். கூட வந்து கதவோரம் நின்ற பாயிஸைத் திரும்பிப் பார்த்தார்.

இருநூற்று ஒன்பதில்தான் சிக்கல்.

"இங்கே ஒரு மனிதக் குரல் இருக்கிறது. யார் அந்த ஆள்?"

"அது ராஜலிங்கம்தான், சேர். வாசிக்கும்போது தன்னை அறியாமல் மெல்ல முனகுவான். முதலில் எனக்கும் விளங்கவில்லை, அதனால்தான் யாரோ என்று எழுதினேன்."

"இருநூற்று நாற்பத்தாறு, வெட்டு?"

"கடைசித் துண்டு பிழைத்துவிட்டது. அந்த இடத்தோடு வெட்டிவிடலாம் என்று."

அவர் எழுந்தார். மூலையில் சாய்த்து வைத்திருந்த கிற்றாரைப் பார்த்தார். "இதை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்கையும்." பிறகு அவளிடம் சொன்னார்: "நாளைக்கு அவனை வாசிக்கச் சொல்வேன். அந்த முனகல் வந்தால் சரி. வராவிட்டால், அங்கே இருந்த இரண்டாவது ஆள் யாரென்று நீ சொல்ல வேண்டியிருக்கும். அதுவரை வீட்டைவிட்டு வெளியே போகாதே."

அட்டை அவரிடமே இருந்தது. அட்டை இல்லாமல் அவள் எங்கே போவது?

வெள்ளி முழுதும் யாரும் வரவில்லை. தெருவில் வாகனச் சத்தம் கேட்ட போதெல்லாம் அவள் எழுந்து நின்றாள். நோனா சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். சனி பின்னேரம் பாயிஸ் மட்டும் சைக்கிளில் வந்தான். அவளுடைய அட்டையைக் கையில் கொடுத்தான்.

"அவர விட்டாச்சு மிஸ். டெக் பொறகு வரும்." போகத் திரும்பியவன் நின்றான். "அந்தச் சொல்லு எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்கோங்க."

சத்தியபாமாவுக்கு அவனோடு கோபிக்கத் தோன்றவில்லை. அவன் போன பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் கழித்து ராஜலிங்கம் மாரியாயியோடு வந்தான். இடது கண்ணுக்குக் கீழே அடிபட்ட இடம் மஞ்சள் பாரித்திருந்தது. வலது கை நகங்களை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். நடந்ததை அவனே சொன்னான்.

"ரூமுக்குள்ள கிற்றாரக் குடுத்து வாசின்னாங்க மிஸ். எதுக்குன்னு சொல்லல. எனக்கு ஒடம்பெல்லாம் வெறச்சுப்போச்சு. மூச்சையே விடாம வாசிச்சேன். கால் அசையல, ஒரு கீச்சு இல்ல. நீங்க இத்தன நாளாச் சொல்லிக் குடுத்ததெல்லாம் அன்னைக்குத்தான் சரியா வந்துச்சு. அந்தப் பெரியவரு, 'எங்க அந்தச் சத்தம்? இவன் அந்த ஆள் இல்ல'ன்னு எந்திரிச்சிட்டாரு. அப்பத்தான் கதவுகிட்ட நின்ன முஸ்லிம் தம்பி தமிழ்ல சொன்னாரு, 'மிஸ் சொன்னதெல்லாம் மறந்திட்டு, ஒங்க வீட்டுல வாசிக்கிற மாதிரி வாசிங்க'ன்னு."

"பிறகு?"

"எம் மூத்த மகளத் தூங்க வைக்க வாசிப்பேனே, அத வாசிச்சேன். கண்ண மூடிக்கிட்டேன். என்ன சத்தம் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது மிஸ். அழுதுட்டேன்னு மட்டும் தெரியும். கண்ணத் தொறந்தப்ப அவரு என்ன விடுற கடதாசியில கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தாரு."

மாரியாயி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "வர வேணாம்னு சொல்லியும் நீங்க போனீங்க."

கொழும்புக்கென்று கட்டிய பையைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று சத்தியபாமா நினைத்தாள். சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

நகம் வளர மூன்று மாதம் எடுத்தது. டெக்கும் கிற்றாரும் திரும்பி வந்தன. டெக் ஒரு பக்கம் நசுங்கியிருந்தாலும் ஓடியது. ஹோட்டல் மனேஜர் கசெற் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ராஜலிங்கத்தை வேலையிலிருந்தும் நிறுத்தியிருந்தார்கள். பேராதனையில் ஒரு தளபாடக் கடையில் வார்னிஷ் பூசும் வேலைக்குப் போனான். ஆனாலும் ஆனி மாதம் ஒரு ஞாயிறு கிற்றாரோடு வந்து நின்றான். விற்காவிட்டாலும் பரவாயில்லை, தொடங்கியதை முடிப்போம் என்றான்.

அன்று இரண்டு மெட்டுப் பதிந்தார்கள். இரண்டாவதன் நடுவே வெளியே ஏதோ ஒரு பெரிய வாகனம் வேகம் குறைத்தது. இருவரும் அசையாமல் இருந்தார்கள். வாகனம் போய்விட்டது. மீண்டும் தொடங்கினார்கள்.

முடிந்ததும் அவள் வழக்கம்போல ஹெட்போனோடு உட்கார்ந்து குறிப்பு எழுதினாள். தாளை அவன் வாங்கிப் பார்த்தான். எண்கள் இருந்தன. எதிரே இருந்ததெல்லாம் சிங்கள எழுத்து.

"மிஸ், இது எனக்குப் படிக்க வராதே."

"நான் வாசிச்சுக் காட்டுறன்," என்றாள் சத்தியபாமா. "கேட்டு மனசில வச்சிருங்கோ. கடதாசி இஞ்சையே இருக்கட்டும்."

அவன் முக்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் முதல் வரியில் விரலை வைத்து, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி வாசிக்கத் தொடங்கினாள்.